எண்ணத்தகும் இடரும் எண்ணில் அடங்கா அச்சமும்

தமிழில் ‘எண்’ என்னும் சொல் இருபொருள் உடையது. தொகை காண்பதும் எண்ணுதலே; மனத்தால் ஆராய்வதும் எண்ணுதலே. இவை வேறு வேறு தொழில்களாயினும் இரண்டிற்கும் ஒரு சொல்லையே வழங்கிய நம் முன்னோர், அவை ஒன்றையொன்று பிரிந்து நில்லா என்று கருதினர் போலும். திருக்குறளில் ‘தெரிந்து செயல்வகை’ என்னும் அதிகாரம் இவ்விரு பொருளும் கலந்து இயங்கும் இடமாகும். தகாததைச் செய்வார்க்கு வரும் கேட்டையும், தக்கதைச் செய்யாது விடுவார்க்கு வரும் கேட்டையும் வள்ளுவர் ஆங்கே ஒரே குறளுள் ஒருங்கு நிறுத்துகின்றார். செய்தலில் மட்டும் அன்று, செய்யாமையிலும் இடருண்டு என்பது அவர் கண்ட உண்மை.

ஆயின் உலக வாழ்க்கையில் எண்ணிக்கையும் எண்ணமும் பலகாலும் பிணங்கி நிற்கின்றன. கணக்கு ஒரு வழியைக் காட்ட, மனம் மற்றொரு வழியில் நடக்க விழைகின்றது. அப்போது கணக்கின் வழி நடப்பவனை அறிஞன் என்றும், நடவாதவனை மூடன் என்றும் எளிதில் தீர்ப்புக் கூறுவாருளர். யானும் சிலகாலம் அவ்வாறே கருதியிருந்தேன். அம்மைநோயின் வரலாற்றைக் கற்றபின் அத்தீர்ப்பில் ஐயம் பிறந்தது. அவ்வையத்தை நண்பர்கள்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிகழ்ச்சி நடந்த இடம் வட அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரம். காலம் 1721-ஆம் ஆண்டு. அந்நாளில் அஃது ஆங்கிலேயரின் குடியேற்றத் துறைமுகம். ஏறத்தாழ 11,000 மக்கள் வாழ்ந்தனர். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கப்பலொன்றின் வழியாகப் பெரியம்மை நகருட் புகுந்தது. அதற்குமுன் அந்நகரைப் பெரிதும் வருத்திய அம்மை வந்தது 1702-இல். ஒருமுறை அந்நோய் கண்டு பிழைத்தவர்க்கு அது மீண்டும் வருதல் அரிது. ஆகவே இடைப்பட்ட பத்தொன்பது ஆண்டுகளிற் பிறந்தவரே அதற்கு எளிய இரையாயினர். அஃதாவது, இக்கட்டுரையை எழுதுவோனை ஒத்த அகவையினரும் அவர்க்கு இளையோரும் என்க.

அந்நகரிற் புகழ்பெற்ற குருவாக விளங்கியவர் காட்டன் மாத்தர் என்பார். அவர்க்கு 1706-இல் சபையார் ஓர் அடிமையைக் கொடையாக அளித்திருந்தனர். ஆப்பிரிக்கனாகிய அவனுக்கு மாத்தர் இட்ட பெயர் ஒநேசிமு. பிலேமோனுக்குப் பவுலடியார் எழுதிய நிருபத்தைப் படித்தோர் இப்பெயரின் பொருத்தத்தை உணர்வர். அவனை அடிமையாக அன்றிச் சகோதரனாக ஏற்றுக்கொள்க என்பதன்றோ அந்நிருபத்தின் வேண்டுகோள்! பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு வேண்டுகோளை விட்டுவிட்டனர். நிற்க. அம்மை கண்டதுண்டா என்று மாத்தர் வினவியபோது, ஒநேசிமு தன் நாட்டு வழக்கமொன்றைக் கூறினான். அம்மை கண்டாரது கொப்புளத்தினின்று சிறிது சீழ் எடுத்து, நலமுடையார் ஒருவரது தோலைக் கீறி அக்கீறலில் வைப்பர். அவர்க்குச் சில நாள் மெல்லிய அம்மை காணும். பின்னர் வாழ்நாள் முழுதும் அந்நோய் அணுகாது. இதனை ஈண்டு ‘அம்மை ஏற்றுதல்’ என வழங்குவோம். 1796-இல் ஜென்னர் என்னும் ஆங்கில வைத்தியர் பசுவின் அம்மையினின்று கண்ட ‘அம்மைப்பால்’ இதற்குப் பிந்தியது. இதனினும் பன்மடங்கு தீங்கு குறைந்தது. இவ்விரண்டையும் மயக்கலாகாது. அம்மை ஏற்றுதலாவது உண்மையான பெரியம்மையையே உடம்பினுட் புகுத்துவதாகும்.

துருக்கி நாட்டிலும் இவ்வழக்கம் உண்டென்பதை மாத்தர் லண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டிற் படித்திருந்தார். ஆகவே நகரத்து வைத்தியர்களுக்கு இதனைச் செய்து பார்க்கும்படி எழுதினார். அவர்களுள் முன்வந்தவர் ஸப்தியேல் பாயில்ஸ்டன் என்னும் ஒருவரே. அவர் 1721 ஜூன் 26-ஆம் நாள் தம் ஆறு வயது மகனுக்கும், தம் அடிமையொருவனுக்கும், அவ்வடிமையின் சிறு மகனுக்கும் அம்மை ஏற்றினார். மூவரும் பிழைத்தனர். தம் மகனையே முதலில் உட்படுத்திய தந்தையின் துணிவைப் பலர் பாராட்டுகின்றனர், பாராட்டத்தக்கதே. எனினும் அடிமையையும் அவன் குழந்தையையும் ‘உமக்கு உடன்பாடோ?’ என்று வினவினார் எவரேனும் உளரோ? அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் லண்டன் நியூகேட் சிறையில் மரண தண்டனைக்கு உரியோர் அறுவர்க்கு, விடுதலை தருவதாகக் கூறி அம்மை ஏற்றினர். அவர்களும் பிழைத்தனர். புதியதோர் இடரை முதலில் யார் தலையில் ஏற்றிப் பார்ப்பது என்னும் வினாவிற்கு உலகம் பெரும்பாலும் ஒரே விடையைத்தான் கொடுத்துவந்துளது.

பாயில்ஸ்டனது செயல் வெளிப்பட்டவுடன் நகரம் கொதித்தெழுந்தது. நகர அதிகாரிகள் அவரைக் கடிந்து தடுத்தனர். நவம்பர் மாதத்தில் ஒருநாள் விடியற்காலையில் மாத்தரின் இல்லத்துள் வெடிகுண்டொன்று எறியப்பட்டது. அவ்வறையில் படுத்திருந்தவர், அம்மை ஏற்றிக்கொண்டு தேறிவந்த அவருடைய உறவினர். நல்வினைப் பயனாகத் திரி கழன்று விழுந்தமையின் குண்டு வெடித்திலது. அதனோடு கட்டியிருந்த சீட்டில் மாத்தரைச் சபித்து எழுதியிருந்தனர்.

இவ்வெதிர்ப்பாளரை வெறுங் கலகக்காரர் என்று ஒதுக்கிவிடலாமோ? அவர்கள் கூறிய காரணங்களை ஒவ்வொன்றாக நோக்குதல் வேண்டும்.

முதலாவது, சமயத்தை ஒட்டியது. நோயும் நலமும் கடவுளின் திருக்கரத்தில் உள்ளன. அவர் அனுப்பாத நோயை மனிதன் தானே வருவித்துக்கொள்வது அவரைச் சோதிப்பதாகாதோ என்றனர். லண்டனில் எட்மண்டு மாஸி என்னும் குரு 1722-இல் ஒரு பிரசங்கம் செய்தார். யோபுவைக் கொடிய பருக்களால் வாதித்த சாத்தானே அம்மை ஏற்றுதலை முதலிற் செய்தவனாகலாம் என்பது அவர் கண்ட வியாக்கியானம்! இன்று படிப்போர்க்கு நகை வரும். ஆயின் மாத்தரும் குருவே. அவர் தந்தையாரும் குருவே. பாஸ்டன் குருமாருட் பெயர்பெற்றோர் பலர் அம்மை ஏற்றுதலை ஆதரித்தனர். உயிரைக் காக்கும் வழியைக் கடவுளே காட்டியிருக்க, அதனைப் புறக்கணிப்பதே அவரைச் சோதிப்பதாகும் என்பது அவர்கள் வாதம். ஆகவே இப்போர் சமயத்திற்கும் அறிவியலுக்கும் நிகழ்ந்த போர் அன்று. ஒரே வேதத்தை ஓதியோர் இருபாலும் நின்றனர்.

இரண்டாவது காரணத்தைக் கூறியவர் டாக்டர் வில்லியம் டக்ளஸ். மருத்துவப் பட்டம் பெற்றோர் அந்நகரில் அவர் ஒருவரே. அம்மை ஏற்றுதலை மிக வன்மையாக எதிர்த்தவரும் அவரே என்பது கருதத்தக்கது. தேர்ந்து பார்க்கப்படாத முறை இது என்றார். அடிமைகளின் சொல்லை நம்பலாமோ என்று இகழவும் செய்தார். இவ்விகழ்ச்சி அவருக்குப் பெருமை தருவதன்று. எனினும் அவர் கூறிய ஒன்று முற்றிலும் உண்மை. அம்மை ஏற்றிக்கொண்டவன் தான் பிழைப்பினும், அவனிடமிருந்து அயலார்க்குப் பெரியம்மை தொற்றும்; அவ்வாறு தொற்றுவது மெல்லிய அம்மை அன்று, முழுக் கொடுமை வாய்ந்ததே. தன் உயிர்க்கு அரண் தேடுவோன் அடுத்த வீட்டாரைப் பகைவர்முன் நிறுத்துகின்றான் என்பது அதன் பொருள்.

மூன்றாவது காரணம் வெளிப்படப் பேசப்பட்டதினும் உள்ளத்தில் உறைந்ததே மிகுதி என்று கருதுகின்றேன். 1692-இல் சேலம் என்னும் ஊரில் சூனியக்காரர் என்று குற்றஞ்சாட்டிப் பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டனர். அவ்விசாரணைகளுக்குச் சார்பாக அடுத்த ஆண்டே நூல் எழுதி வெளியிட்டவர் இதே மாத்தர். முன்னொருகால் அத்துணைப் பிழைபட்டவர் இப்போது வந்து, ‘உம் குழந்தையின் உடம்பில் நஞ்சு வையும், நலமுண்டாகும்’ என்றால், தாய்மார் அஞ்சினது பிழையாகுமோ? கூறப்படும் பொருளை மட்டும் மக்கள் நிறுத்துப் பார்ப்பதில்லை. கூறுவோனையும் உடன் நிறுத்துப் பார்க்கின்றனர்.

இனி, கணக்கைக் காண்போம். நோய் தணிந்தபின் எண்ணிப் பார்த்தபோது, பாஸ்டனில் இயல்பாக அம்மை கண்டோர் ஏறத்தாழ 5,800 பேர்; அவர்களுள் இறந்தோர் 844 பேர். அஃதாவது ஏழு பேரில் ஒருவர். பாயில்ஸ்டன் அம்மை ஏற்றியவர் 240 பேருக்கு மேற்பட்டோர். அவர்களுள் இறந்தோர் அறுவர். அஃதாவது நாற்பது பேரில் ஒருவர். இறந்த அறுவரையும் அவர் மறைத்திலர். லண்டன் சென்றபின் 1726-இல் தாம் வெளியிட்ட நூலில் முறையாக எழுதினார். ராயல் சங்கத்தின் செயலாளராயிருந்த ஜேம்ஸ் ஜூரின் என்பாரும் இங்கிலாந்து முழுதிலிருந்தும் கடிதங்கள் வாயிலாக இத்தகைய எண்களைத் திரட்டி, ஆண்டுதோறும் வெளியிட்டு வந்தார். அவர் கண்ட முடிவும் இதனை ஒத்ததே. நோயைப் பற்றிய வழக்கை எண்கொண்டு தீர்க்க முயன்றது மருத்துவ வரலாற்றில் ஏறக்குறைய இதுவே முதன்முறை என்பர்.

ஏழில் ஒன்றும் நாற்பதில் ஒன்றும்! இதற்குமேல் ஐயம் ஏது என்று தோன்றும். எனினும் அக்கணக்கைச் சற்றே கூர்ந்து நோக்குக. டக்ளஸ் அஞ்சிய இடர் அதில் எங்கே எழுதப்பட்டிருக்கின்றது? அம்மை ஏற்றிக்கொண்ட ஒருவனிடமிருந்து தொற்றி அயலான் இறந்திருப்பின், அம்மரணம் 844 என்னும் தொகையுள் அடங்கி, அம்மை ஏற்றுதலின் நன்மைக்கே சான்றாகிவிடும்! கணக்கெழுதினோர் பொய்யரல்லர், அவ்விடருக்கென ஒரு பத்தி வகுக்கப்படவில்லை, அவ்வளவே. எண்ணில் அடங்கா அச்சம் என்று நாம் சொல்வனவற்றுள் ஒருசாரன இத்தகையன. அவை பொய்யச்சமல்ல, கணக்கில் இன்னும் இடம்பெறாத மெய்யிடர்களே. அவற்றை எள்ளாது பத்தி வகுத்தலே அறிவுடைமை. உண்மையில் பிற்காலத்தில் நடந்ததும் அதுவே. அம்மை ஏற்றிக்கொண்டோரைத் தனி இல்லங்களில் வைத்து, தொற்று நீங்கும் வரையில் வெளிவிடாத ஏற்பாடுகள் தோன்றின. டக்ளஸும் பின்னாளில் தம் கருத்தை மாற்றி அம்மை ஏற்றுதலை ஏற்றுக்கொண்டார்.

ஆயின் எத்துணைப் பத்திகள் வகுத்தாலும் அடங்காத மற்றொருசார் அச்சமும் உண்டு. ஜானதன் எட்வர்ட்ஸ் என்னும் பெரியாரைக் கிறிஸ்தவ மாணவர் பலர் அறிவர். பேரறிஞராகிய அவர், இன்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ள கல்லூரியின் தலைவராக 1758-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பொறுப்பேற்றார். ஊரில் அம்மை உலவியமையால் பிறர்க்கு வழிகாட்டியாக பிப்ரவரி மாதத்தில் அம்மை ஏற்றிக்கொண்டார்; மார்ச்சு 22-ஆம் நாள் அதனாலேயே உயிர்நீத்தார். கணக்கை நம்பி நடந்த ஒருவர் கணக்கின் சிறுபாகத்துள் வீழ்ந்தார். அவர் செய்தது தவறென எவரும் கூறார். ஆனாலும் அவ்வீட்டாரது துயரத்தை ‘நாற்பதில் ஒன்று’ என்னும் சொற்றொடரால் ஆற்றலாகுமோ?

இவ்விடத்தில் இரண்டு கணித அறிஞரின் வழக்கைக் குறிப்பிடாமல் இருத்தல் இயலாது. தானியேல் பெர்னூலி என்பார் 1760-இல் பாரிஸ் அறிவியற் கழகத்தின்முன் ஓர் ஆராய்ச்சியை வைத்தார். அம்மையால் இறப்போரையும், அம்மை ஏற்றுதலால் இறப்போரையும் கணக்கிட்டு, எல்லார்க்கும் பிறந்தவுடன் அம்மை ஏற்றுவதாயின் மக்களின் சராசரி வாழ்நாள் 26 ஆண்டு 7 மாதத்திலிருந்து 29 ஆண்டு 9 மாதமாக உயரும் என்று காட்டினார். அம்மை ஏற்றுதலால் நேரும் மரணத்தை இருநூற்றில் ஒன்று என்று அவர் கொண்டார். மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாழ்நாள் ஊதியம்! அரசுகள் மகிழ்ந்து ஏற்கத்தக்க முடிவன்றோ?

அதே கழகத்தைச் சேர்ந்த தாலம்பேர் என்னும் கணித அறிஞர் மறுத்தார். அவர் அம்மை ஏற்றுதலுக்குப் பகைவரல்லர், அதனை ஆதரித்தவரே. ஆயினும் கணக்கு மெய்யான கேள்வியை விடுத்துச் செல்கின்றது என்றார். பெர்னூலி கூறும் ஊதியம் எப்போது கிடைக்கும்? வாழ்நாளின் கடைக்கூற்றில். இடர் எப்போது வரும்? இம்மாதத்திற்குள். இன்று எதிர்நிற்கும் சிற்றிடரையும், நெடுங்காலத்தின்பின் வரக்கூடிய பேரூதியத்தையும் ஒரே துலாக்கோலில் வைப்பது எங்ஙனம்? மேலும், அரசு குடிகளைத் தொகையாக நோக்கும். நூற்றுவரில் ஒருவர் மாண்டு ஏனையோர் நெடிது வாழின் அதற்கு ஊதியமே. தாயோ தன் ஒரு குழந்தையை ஒன்றாகவே நோக்குவாள். இருவரும் ஒரே எண்ணைப் படிக்கின்றனர். இருவரும் படிப்பது ஒன்றன்று. இம்மறுப்பைப் படித்தபோது என் ஐயத்திற்கு ஒரு கணித வல்லுநரே துணைநிற்பது கண்டு வியந்தேன்.

ஆயினும் பிரான்சு நாட்டிற்கு விடை பாரிஸ் கழகத்தினின்று வரவில்லை. 1774 மே மாதத்தில் அரசர் பதினைந்தாம் லூயி பெரியம்மையால் இறந்தார். அடுத்த மாதமே அவர் பேரனாகிய புதிய அரசர் அம்மை ஏற்றிக்கொண்டார். எண்களால் அசையாத மனம் ஒரு சவப்பெட்டியால் அசைந்தது.

இவ்வழக்கு நம் நாட்டிற்கும் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜென்னரின் அம்மைப்பால் சென்னை மாகாணத்துட் புகுந்தபோது, அதனை ஏற்கத் தயங்கியோர் பலர். ஒருவர் கையில் எழுந்த கொப்புளத்தின் நீரை மற்றொருவர் கையில் வைப்பதே அந்நாளைய முறை; எவர் உடம்பின் நீர் எவர் உடம்பிற் புகுவது என்னும் சாதிக் கவலை அதனுள் இருந்தது. மேலும், அம்மை என்பது நம் மக்களிற் பலர்க்கு வெறும் நோயன்று. மாரியம்மன் வீட்டிற்கு வந்திருக்கும் வரவு. வந்த தாயைத் தடுப்பது எங்ஙனம்? இதனை நன்குணர்ந்தவர், திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் விளக்கம் வரைந்த எல்லிஸ் துரையவர்கள். அவர் எண்ணைக் காட்டவில்லை. அம்மைப்பாலின் பெருமையைத் தேவியே தன்வந்திரிக்கு எடுத்துரைப்பதாகத் தமிழில் ஓர் உரையாடல் எழுதினார். மக்களின் அச்சம் எம்மொழியிற் பேசிற்றோ, அம்மொழியிலேயே மறுமொழி கூற முயன்றார். அவர் தமிழ்ப்புலமைக்கு அஃது ஒரு சான்று. ஆயினும் தாம் நம்பாத தேவியின் வாயில் தம் சொல்லை வைத்தது நேர்மையோ என்னும் வினாவும் எழாமலில்லை. நன்மையைக் கருதிச் செய்தார் என்பதில் ஐயமில்லை. இருப்பினும், ஏமாற்றி நன்மை செய்யப்பட்டவன் அடுத்தமுறை மெய்யையும் நம்பமாட்டான். மாத்தரைப்பற்றி மேலே கூறியதை இங்கு நினைவுகூர்க.

மீண்டும் பாஸ்டனுக்கு வருவோம். 1721-இல் மாத்தரையும் பாயில்ஸ்டனையும் எள்ளி நகையாடிய செய்தித்தாளொன்று ஆகஸ்டு மாதத்தில் அந்நகரிலே தோன்றிற்று. அதனை நடத்தியவர் ஜேம்ஸ் பிராங்கிளின். அவ்வச்சகத்தில் எழுத்துக் கோத்துப் பழகிய பதினைந்து வயதுச் சிறுவன் அவருடைய தம்பி பெஞ்சமின். பிற்காலத்தில் மின்னலின் இயல்பை ஆராய்ந்தும் அமெரிக்க விடுதலைக்கு உழைத்தும் உலகப் புகழ்பெற்றவர் அவரே. அச்சுக்கூடத்தினின்று வெளியேறிப் பிலடெல்பியா நகரிற் குடியேறிய அவர், அம்மை ஏற்றுதலை ஆதரிப்பவராக மாறிவிட்டார். அவருக்குப் பிரான்சிஸ் என்றொரு மகன் இருந்தான். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நோய் கண்டிருந்தமையால், அது தேறட்டும், பின்னர் அம்மை ஏற்றலாம் என்று பிராங்கிளின் காத்திருந்தார். அதற்குள் 1736-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பெரியம்மை இயல்பாகவே குழந்தைக்குக் கண்டது. நான்கு வயதிலே அவன் இறந்தான்.

ஊரார், தந்தை அம்மை ஏற்றியதனாலேயே மகன் இறந்தான் என்று பேசலாயினர். அதனைக் கேட்டுப் பிற பெற்றோர் பின்வாங்குவதையும் பிராங்கிளின் அறிந்தார். மகன் இறந்த மறுமாதமே தம் செய்தித்தாளில், தம் குழந்தைக்கு அம்மை ஏற்றவில்லை, இயல்பாகத் தொற்றியதே என்று அறிவித்தார். ‘யான் செய்யாது விட்டேன்’ என்று ஒரு தந்தை ஊரறிய அச்சிட்டு வெளியிட்டது அவ்வறிவிப்பு.

அவர் 1788-ஆம் ஆண்டு முதல் எழுதிய தன்வரலாற்றுப் பகுதியில் அந்நிகழ்ச்சியை மீண்டும் குறித்திருக்கின்றார். அப்போது அவருக்கு அகவை எண்பத்திரண்டு. அம்மை ஏற்றியபின் குழந்தை இறந்தால் தம்மைத் தாமே மன்னிக்க இயலாதே என்று அஞ்சிப் பின்வாங்கும் பெற்றோரை நோக்கியே அவர் பேசுகின்றார். அவ்வச்சத்தை அவர் இகழவில்லை. ஏழு, நாற்பது என்று கணக்கும் கூறவில்லை. செய்து இழந்தாலும் வருத்தமே, செய்யாது இழந்தாலும் அதே வருத்தமே. இருபாலும் வருத்தம் ஒத்திருக்குமாயின், இடர் குறைந்த வழியையே தெரிந்துகொள்க என்பது அவர் கூற்றின் கருத்து. தாலம்பேர் எழுப்பிய வினாவிற்கு நான் கண்டவற்றுள் நேரான மறுமொழி இதுவே. இதனைக் கூறியவர் எண்ணின் இருபுறத்திலும் நின்றவர். அச்சத்தைத் துலாக்கோலினின்று அகற்றாமல், மறுதட்டிலும் ஓர் அச்சம் இருப்பதைக் காட்டினார்.

அம்மறுதட்டின் பாரத்தை அவர் எவ்வளவு காலம் சுமந்தார் என்பதற்கு ஒரு கடிதம் சான்று. 1772-இல் தம் சகோதரிக்கு எழுதுகையில், முப்பத்தாறு ஆண்டுகள் சென்றபின்னும் அம்மகனை நினைக்குந்தோறும் பெருமூச்செறியாதிருக்க இயலவில்லை என்று அவர் எழுதியிருக்கின்றார்.